ஏழாம் அறையின் ஜன்னல்

மூன்றாம் மாடி முழுக்க வாஃபிள் கருகிய வாசனை.

வெள்ளிக்கிழமை. மதியம் இரண்டேகால்.

எலும்பு வார்டின் காபி அறையில் மூன்று பேர் கருகிய பக்கத்தைச் சுரண்டிவிட்டு, பழுப்புச் சீஸை வைத்து மென்றுகொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை என்றால் வாஃபிள். அது இந்த வார்டின் சட்டம்.

அப்போதுதான் அந்தக் குரல்...

"யாராவது வாங்க... ஏழாம் ரூம்... சீக்கிரம்!"

கத்தியது தூரா. வயது இருபத்தாறு. ஜூலை மாதத்துக்கு மட்டும் ஏஜென்சி அனுப்பிவைத்த தற்காலிக நர்ஸ்.

மூவரும் ஓடிப்போய்ப் பார்த்தபோது, அவள் கட்டில் மேலேயே மண்டியிட்டு ஓட்வாரின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

ஓட்வார் எழுபத்துநான்கு வயதுக்காரர். நாற்பது வருடம் கப்பல் எஞ்சின்களோடு சண்டை போட்டவர். இரண்டு முறை இடுப்பு ஆபரேஷன். எதற்கும் அசராதவர்.

இப்போதும் அசையவில்லை.

தூரா இருபது நிமிடம் அழுத்தினாள். டாக்டர் வந்து அவள் தோளைத் தொட்டு, "போதும்மா" என்றார்.

திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கடற்காற்று உள்ளே வந்து திரையை ஆட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர், ஓட்வாரின் நரம்பில் வலி மருந்து ஏற்றிக்கொண்டிருந்த பம்பைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். பிறகு போலீசுக்குப் போன் செய்தார்.

இன்ஸ்பெக்டர் ஆஸ்த்ரி முக்கால் மணி நேரத்தில் வந்தாள். உதவியாளன் ப்ராகே வாசலிலேயே மூக்கை உறிஞ்சினான்.

"மேடம்... வாஃபிள்!"

இந்த ஊரில் யாரும் யாரையும் மேடம் என்று கூப்பிடுவதில்லை. ப்ராகே கூப்பிடுவான். ஆஸ்த்ரிக்கு எரிச்சல் வரும் என்பதற்காகவே கூப்பிடுவான்.

"பிணத்தைப் பார்க்க வந்திருக்கோம், ப்ராகே."

"பார்த்துட்டுச் சாப்பிடுறேன்."

ஏழாம் அறை. கட்டிலில் மூன்று கம்பளிப் போர்வைகள். ஓட்வாரின் காலில் தடித்த கம்பளிச் சாக்ஸ். தலைமாட்டில் ஒரு நீல நோட்டு.

"பம்ப் என்ன சொல்லுது?" என்று ப்ராகேயிடம் கேட்டாள் ஆஸ்த்ரி.

"சாதாரண அளவைப் போலப் பத்து மடங்கு. ரெண்டு அஞ்சுக்கு மாத்தியிருக்காங்க. கார்டு வெச்சாத்தான் பம்ப் பூட்டு திறக்கும். யார் கார்டுன்னு அதுலயே பதிவாயிருக்கு."

"யாரு?"

"தூரா."

"பம்ப் மேல கைரேகை?"

"சுத்தமா ஒண்ணுமில்ல. கையுறை போட்டுத் தொட்டிருக்காங்க. ஆஸ்பத்திரியாச்சே, கையுறைக்கா பஞ்சம்?"

ஆஸ்த்ரி நீல நோட்டைப் புரட்டினாள். எஞ்சின் அறையில் எழுதுவதுபோல நேரம் போட்டு, கோடு போட்டு எழுதியிருந்தார் கிழவர். 'மணி அடித்தது 9.10. ஆள் வந்தது 9.40. சூப் ஆறிவிட்டது.' இப்படிப் பக்கம் பக்கமாக.

நடுவில் ஒரு பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது.

போன செவ்வாய்க்கிழமைக்கான பக்கம்.

காபி அறையில் வார்டு தலைவி சிக்ருன் காத்திருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடம் இதே வார்டில் நர்ஸ். ஆறு வருடமாகத் தலைவி. வாஃபிள் சுடுவது எப்போதும் அவள்தான்.

கண்கள் சிவந்திருந்தன.

"அந்தப் பொண்ணு மேல பழி போடாதீங்க, இன்ஸ்பெக்டர். தப்பு எங்க பேர்ல."

"எப்படி?"

"ஜூலை மாசம் ஊர்ல யார் இருக்கா? என் நர்ஸுங்க பாதிப் பேர் தீவுல, பாதிப் பேர் மலைக் குடில்ல. கார்டு போட்டுக் குடுக்குற ஆளும் லீவு. மூணு தற்காலிக நர்ஸுக்கு ஒரே ஒரு கார்டு. முதல்ல வந்தது தூரா, அதனால அவ பேர்ல இருக்கு."

"கார்டு எங்க இருக்கும்?"

"நர்ஸ் மேஜை டிராயர்ல. யார் வேணும்னாலும் எடுக்கலாம்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஆனா மத்த ரெண்டு பேரும் இங்கதான் தின்னுட்டிருந்தாங்க. அந்தப் பிசியோதெரபிப் பையனும்தான். யாரும் எழுந்திருக்கல."

"தூரா?"

"அவ வரல. காரிடார்ல ஒரு பெரியவர் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்னு சொல்றா. பாவம், அவருக்குத் தன் பேரே ஞாபகம் இல்ல. சாட்சிக்கு அவரைக் கூப்பிட முடியாது."

"நீங்க ஏழாம் ரூமுக்குப் போனீங்களா?"

"இன்னைக்கு அந்தப் பக்கமே போகல. காலையில ஆபீஸ், மதியம் வாஃபிள். தூரா கத்தினதும் ஓடினேன். ஆனா வாசலோட நின்னுட்டேன். கால் உள்ள போகல." அவள் மேஜையிலிருந்த தட்டை நகர்த்தி வைத்தாள். "அவ சின்னப் பொண்ணு, இன்ஸ்பெக்டர். ஒரு பூஜ்யம் கூடப் போயிருக்கும். இந்த வேலையில களைச்சுப்போன யாருக்கும் வரும்."

ஆதரவாகப் பேசுவதுபோல இருந்தது. கேட்கக் கேட்க தூராவின் கழுத்தில் கயிறு இறுகுவதுபோலவும் இருந்தது.

ப்ராகே தட்டில் மிஞ்சியிருந்த வாஃபிளைக் கடித்தான். முகம் சுளித்தான்.

"ஒரு பக்கம் கரி."

"பால் தீர்ந்துபோச்சு. எடுக்கப் போனேன். அதுக்குள்ள..." என்றாள் சிக்ருன்.

தூரா மருந்து அறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு கைகளும் விரிந்து கிடந்தன. இருபது நிமிடம் நெஞ்சை அழுத்திய கைகள்.

"நான் பம்பைத் தொடவே இல்ல. சத்தியமா. எனக்கு லைசென்ஸ் வந்தே ஒரு வருஷம்தான் ஆச்சு. இது போச்சுன்னா..."

"லைசென்ஸ் மட்டுமில்ல தூரா. ஜெயில்."

அவள் அழுதாள். மறைக்கவில்லை. ஆஸ்த்ரி அவசரப்படுத்தவில்லை.

"ரூமுக்கு ஏன் போனே?"

"காரிடார்ல ஜில்லுன்னு காத்து வந்தது. ஏழாம் ரூம் கதவுக்கு அடியில இருந்து. அவருக்குக் குளிரே ஆகாது. ஜூலைல மூணு போர்வை கேட்பார். என்னன்னு பார்க்கத்தான் போனேன்."

ஆஸ்த்ரியின் பேனா நின்றது.

"அப்போ ஜன்னல் ஏற்கெனவே திறந்திருந்ததா?"

"ஆமா."

"அவரே திறந்திருப்பாரா?"

"முடியாது. நோயாளிங்க விழுந்துடக்கூடாதுன்னு எல்லா ஜன்னல் கைப்பிடியையும் கழட்டி நர்ஸ் மேஜையில வெச்சிருப்போம். அவரால கட்டிலை விட்டே இறங்க முடியாது."

"நீ திறக்கல?"

"நான் அவர் நெஞ்சு மேல இருந்தேன். ஜன்னலா முக்கியம்?"

ஆஸ்த்ரி பேனாவை மூடினாள். பிறகு ஒரு விசித்திரமான கேள்வி கேட்டாள்.

"தூரா... உன் கையில இதுவரைக்கும் எத்தனை நோயாளிங்க இறந்திருக்காங்க?"

ப்ராகே திரும்பிப் பார்த்தான். தூரா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இவர்தான் முதல்."

"சரி. அந்த நீல நோட்டு பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"எல்லாத்தையும் எழுதுவார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியைச் சோதிக்க மாவட்டக் கண்காணிப்பு அதிகாரி வர்றாங்க. அவங்ககிட்ட ஒரு பக்கம் காட்டணும்னு சொல்லிட்டே இருந்தார்."

"இதை யார்கிட்டயாவது சொன்னியா?"

தூரா நிமிர்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்... சொன்னாள். மிக மெதுவாக. ஒரே ஒரு பெயர்.

ஆஸ்த்ரியின் போன் அடித்தது. மறுமுனையில் மருத்துவமனை டைரக்டர். எங்கோ ஒரு படகில் இருந்தார். பின்னால் கடற்பறவைகள் கத்தின.

"இன்ஸ்பெக்டர், அந்த டெம்பரரி பொண்ணு செஞ்ச தப்புன்னு கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமா இருக்கு. அப்படியே எழுதிட்டா இன்னைக்கே முடிச்சுடலாம்."

"நீங்க லீவை அனுபவிங்க, சார். தப்பு எதுன்னு நான் பார்த்துக்கறேன்."

வைத்தாள்.

"ப்ராகே. மூணு வேலை. ஜன்னல் கைப்பிடியில கைரேகை எடு. அதைக் கடைசியா யார் எப்போ துடைச்சாங்கன்னு கேளு. அப்புறம், போன செவ்வாய்க்கிழமை இந்த வார்டுல யாராவது செத்தாங்களான்னு பாரு."

"வாஃபிள்?"

"அது எதுக்குக் கருகிச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

ஒன்றரை மணி நேரம் ஆனது.

சிக்ருன் வாஃபிள் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்த்ரி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். ப்ராகே அதில் சாய்ந்து நின்றான்.

"சிக்ருன், எங்க அப்பா போன வருஷம் ஆஸ்பத்திரியில இறந்தார். மூச்சு நின்னதும் நர்ஸ் முதல்ல என்ன செஞ்சாங்க தெரியுமா?"

சிக்ருன் நிமிர்ந்தாள். துடைப்பதை நிறுத்தினாள்.

"ஜன்னலைத் திறந்தாங்க. உயிர் வெளியே போகட்டும்னு. பழைய நர்ஸுங்க எல்லாரும் செய்வாங்க. யாரும் எழுதி வைக்கல, யாரும் கேட்கிறதும் இல்ல. கை தானா போகும்."

"அதனால?"

"ஏழாம் ரூம்ல தூரா நுழையுறதுக்கு முன்னாடியே ஜன்னல் திறந்திருந்தது. ஓட்வார் செத்துட்டார்னு அப்போ யாருக்குமே தெரியாது... ஒரே ஒரு ஆளைத் தவிர."

"தற்காலிக நர்ஸுங்க யாராவது..."

"அவங்க மூணு பேருக்கும் சேர்த்து நாலு வருஷ அனுபவம். தூரா இன்னைக்குத்தான் முதல் சாவைப் பார்த்தா. இது முப்பது வருஷப் பழக்கம், சிக்ருன்."

"நான் அந்தப் பக்கமே போகலன்னு சொன்னேனே."

"அங்கதான் மாட்டிக்கிட்டீங்க" என்றாள் ஆஸ்த்ரி. ப்ராகே ஒரு காகிதத்தை மேஜையில் வைத்தான். "கைப்பிடி எல்லாத்தையும் ஒரு மணிக்கு ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிருக்காங்க. அதுக்கப்புறம் ஏழாம் ரூம் கைப்பிடியில ஒரே ஒரு வலது கை. உங்களோடது. உங்க காபிக் கோப்பையில இருக்கிற ரேகையும் அதேதான்."

சிக்ருன் வலது கையைத் துணிக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஆஸ்த்ரி எதிரில் உட்கார்ந்தாள். குரலை இறக்கினாள்.

"போன செவ்வாய்க்கிழமை யோருன்னு ஒருத்தங்க இறந்தாங்க. நாற்பத்திநாலு வயசு. ரெண்டு குழந்தைங்க. ரூம் இல்லாம காரிடார்ல போட்டிருந்தீங்க. அந்தக் கட்டில்ல அழைப்பு மணி கிடையாது. அரை மணிக்கு ஒரு தடவை பார்த்ததா சார்ட்ல ஆறு கையெழுத்து. எல்லாம் உங்க கையெழுத்து. ஓட்வாரோட கட்டில் அவங்களுக்கு நேர் எதிர்ல. கதவு திறந்திருந்தது. அவர் நோட்டுல வேற மாதிரி எழுதியிருந்தார், இல்லையா?"

சிக்ருன் நாற்காலியில் சரிந்தாள்.

"ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் யாரும் வரல... அப்படித்தான் எழுதியிருந்தார். உண்மைதான். நான் ஒருத்தி. முப்பத்தொரு நோயாளி. ஓடிட்டே இருந்தேன், ஆஸ்த்ரி. ஆள் வேணும்னு பதினாறு தடவை எழுதிக் குடுத்தேன். பதினாறுக்கும் 'கிடைக்கப்பெற்றோம், நன்றி'ன்னு பதில். அந்தப் பொண்ணு செத்ததும்... பேனாவை எடுத்து ஆறு பொய் எழுதிட்டேன்."

"திங்கட்கிழமை அது வெளிய வந்திருக்கும்."

"முப்பது வருஷம்! அந்த ஆறு கையெழுத்துல எல்லாம் போயிருக்கும். நேத்து தூரா வந்து, 'ஓட்வார் ஏதோ பக்கம் காட்டணும்ங்கறார், உங்களுக்குத் தெரிஞ்சா நல்லது'ன்னு சொன்னா. வார்டுல எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லணும்னு நான்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்திருந்தேன்."

"பால் எடுக்கப் போறேன்னு கல்லுல வாஃபிளைக் கருக விட்டுட்டு, அவ பேர்ல இருந்த கார்டையே எடுத்தீங்க."

சிக்ருன் முகத்தை மூடிக்கொண்டாள்.

ப்ராகேவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஒண்ணு மட்டும் புரியல. பம்பைத் தொட்டப்போ கையுறை. நோட்டைக் கிழிச்சப்போ கையுறை. ஜன்னலுக்கு மட்டும் ஏன் வெறுங்கை?"

சிக்ருன் அவனை நிமிர்ந்து பார்த்தாள். இது கூடவா தெரியாது என்பதுபோல.

"செத்தவங்களுக்குக் கையுறையோட ஜன்னல் திறக்க மாட்டோம்ப்பா. அது மரியாதை இல்ல."

ப்ராகே தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கே இனி வாஃபிள் இறங்காது போலிருந்தது.

காரிடார் வழியாக அவளை அழைத்துப் போனார்கள். சுவரோரமாக நான்கு கட்டில்கள். பேர் மறந்த பெரியவரின் தலையணை நழுவியிருந்தது. சிக்ருன் நின்றாள். ஆஸ்த்ரி தடுக்கவில்லை. சிக்ருன் தலையணையைச் சரிசெய்து, போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டாள்.

எதிரில் தூரா நின்றிருந்தாள். நடந்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இவருக்கு ஆறு மணிக்கு ஒரு மாத்திரை இருக்கு, கண்ணு" என்றாள் சிக்ருன்.

தூராவுக்கு அவளை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"குடுத்துடறேன்" என்றாள்.

லிஃப்ட் கதவு மூடியது. உடனே ஆஸ்த்ரியின் போன்.

மறுபடி டைரக்டர். மறுபடி கடற்பறவைகள்.

"முடிஞ்சுதா? அந்த டெம்பரரி பொண்ணுதானே?"

"இல்ல, சார். அவ உங்க சாயங்கால ஷிஃப்டைத் தனியாப் பார்த்துட்டிருக்கா. உங்க வார்டு தலைவியைக் கூட்டிட்டுப் போறோம்."

படகின் எஞ்சின் சத்தம் சட்டென்று நின்றது.

"அப்படியா... சரி... அந்த ஏழாம் ரூம் எங்க கைக்கு எப்போ வரும்? காரிடார்ல நாலு பேர் கிடக்காங்க. சிக்ருன் வேற இல்லன்னா..."

"சிக்ருனைப் பத்திக் கவலைப்படாதீங்க, சார்" என்றாள் ஆஸ்த்ரி. "எங்க லாக்கப்ல எவ்வளவு கூட்டம் வந்தாலும், யாரையும் காரிடார்ல படுக்க வைக்கிறதில்ல."