அறுநூற்றுப் பதினாலு உயிரோடு இருக்கிறார்

“நான் செத்துட்டேன்னு எழுதினது யாருங்க?”

கதவைக்கூடத் தட்டவில்லை அவன். மழை சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்றான். நின்றதும் கேட்டது இதைத்தான்.

அவள் நிமிர்ந்தாள். நெட்டை உடம்பு. நெற்றியில் ஒட்டிய ஈர முடி. அதற்குக் கீழே இரண்டு கண்கள்... கோபப்பட வேண்டும் என்று பாடுபட்டும் கோபம் வராத கண்கள்.

“என்ன... என்ன சொல்றீங்க?”

அவன் ஒரு ஈரக் காகிதத்தை மேசைமேல் வைத்தான். பேருந்து நிலையச் சுவரில் அவளுடைய குழு ஒட்டியிருந்த, போரில் செத்தவர்கள் பட்டியலில் ஒரு பக்கம். அதில் ஒரு வரியின்மேல் விரலை வைத்தான்.

“அறுநூத்துப் பதினாலு. அது நான்தான்.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த பேனா எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை.

சமாதான ஆய்வுக் குழு என்று வெளியே பலகையில் பெரிதாகத்தான் எழுதியிருக்கும். உள்ளே பார்த்தால் செருப்புக் கடைக்கு மேலே ஒரே அறை, ஒரு மேசை, ஆறு தொண்டர்கள். சம்பளம் கிடையாது. எந்த அரசும் எந்தக் கட்சியும் பக்கத்தில் வரக்கூடாது. ஆளுக்கொரு பிழைப்பு வெளியே இருந்தது; அவள் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். மிச்ச நேரத்தில் எல்லோரும் சேர்ந்து செய்தது ஒரே காரியம்... முடிந்துபோன போரில் செத்த சாதாரண சனங்களை ஒவ்வொருவராக எழுதி வைப்பது. மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பேர். ஒரு பெயர் ஏற வேண்டுமென்றால் இரண்டு சாட்சி வேண்டும். ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டதாக இருக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பட்டியல் விசாரணைக் குழுவின் கைக்குப் போகிறது. அதில் உயிரோடு ஒரே ஒரு ஆள் அகப்பட்டால் போதும், எதிர்த் தரப்பு வக்கீல்கள் மொத்தப் பட்டியலையும் பொய் என்று தூக்கி எறிந்துவிடுவார்கள்.

இன்று புதன்.

அறுநூற்றுப் பதினாலு அவளுக்கு மனப்பாடம். அவளே எழுதிய பதிவு. சந்தைத் தெருவில் குண்டு விழுந்த நாள், சாம்பல் நிற மழைக்கோட்டு, கோட்டுப் பைக்குள் கம்பெனி அடையாள அட்டை, லிஃப்ட் மெக்கானிக், வயது நாற்பத்தொன்று, சாட்சி இரண்டு பத்திரிகைச் செய்தி. முகம் தெரியாத அந்த மெக்கானிக்கை நினைத்து அன்றைக்கு அவள் சோறுகூடச் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் இப்போது வந்து தரையெல்லாம் ஈரமாக்கிக்கொண்டு நிற்கிறார்!

“வயசு நாற்பத்தொண்ணுன்னு இருக்கே?” என்றாள், பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்காதா என்று.

“எனக்கு இருபத்தொன்பது.”

“ரெண்டு பத்திரிகையிலயும் நாற்பத்தொண்ணுதான் போட்டிருக்கு.”

“பத்திரிகையைப் பார்த்துட்டா எங்கம்மா என்னைப் பெத்தாங்க?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். நாலு வருஷமாக அவள் பதிவில் ஒரு பிழை வந்ததில்லை. அந்தக் கர்வம் அவள் மூக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது.

“பாருங்க சார். ஒரு பேரை எடுக்கணும்னாலும் ரெண்டு சாட்சி வேணும். அது எங்க விதி.”

“நான் இதோ நிக்கிறேனே!”

“நீங்க ஒரு சாட்சிதான்.”

அவன் வாய் திறந்தபடியே இருந்தது. மனுஷனுக்கு இப்படி ஒரு அதிர்ச்சியை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

“அக்கா ஒருத்தி இருக்கா...”

“சொந்தம். செல்லாது.”

“கம்பெனி மூடிட்டாங்க. முதலாளி கப்பலேறிட்டாரு. நானே இத்தனை நாள் அக்கா ஊர்ல இருந்துட்டுப் போன வாரம்தான் வந்தேன். விடுங்க, உயிரோட இருக்கிறது இவ்வளவு கஷ்டம்னு தெரியாமப் போச்சு.”

“உங்களுக்கு என்ன அவசரம்? பேர் இருந்தா இருந்துட்டுப் போகட்டுமேன்னு விடலையே நீங்க...”

ஜன்னல் கண்ணாடியில் மழை இறங்குவதையே பார்த்தான்.

“அந்தக் கோட்டை நான்தான் குடுத்தேன்,” என்றான் மெதுவாக. “சந்தை முனையில ஒருத்தர் பல்பு அட்டைப்பெட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நனைஞ்சுட்டு நின்னாரு. பெட்டி ஊறிப்போகுதேன்னு கோட்டைக் கழட்டிக் குடுத்தேன். பையில கார்டு இருந்ததையே மறந்துட்டேன். கோட்டு போச்சு, அவ்வளவுதான்னு நினைச்சேன். திங்கட்கிழமை உங்க பட்டியல்ல என் பேரைப் பார்த்தப்பத்தான்...”

மேசைமேல் இருந்த காகிதத்தில் தன் பெயரைத் தொட்டான்.

“என் பேருக்குக் கீழ அவர் படுத்திருக்காருங்க. அவர் வீட்ல இன்னும் வாசலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாங்க.”

தனக்காக வரவில்லை இவன். கோட்டுப் போட்டுக்கொண்டு போனவருக்காக வந்திருக்கிறான். இப்படியும் ஒருத்தனா? அவள் குனிந்து, விழுந்த பேனாவைத் தேடுவதுபோல வெகுநேரம் தேடினாள்.

மறுநாள் மருந்துக்கடையில் லீவு சொல்லிவிட்டு அவனோடு கிளம்பினாள். வரி அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டை அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தானாம். குண்டு விழுந்த இரண்டாம் நாள் அங்கே வேலை செய்திருக்கிறான். லிஃப்ட் மெஷின் அறையில் ஒரு அட்டை தொங்கும்; பழுது பார்த்தவர் தேதி போட வேண்டும். அந்த அட்டை கிடைத்தால் போதும்.

கட்டடம் காலியாகக் கிடந்தது. புதிதாக வந்த காவலாளி சாவியைக் கொடுத்துவிட்டு, “படியிலதான் போகணும், லிஃப்ட் ஓடாது,” என்றார்.

“எத்தனை மாடி?” என்றாள் அவள்.

“பதினொண்ணு.”

“ஏன் சார் ஓடல?”

“மெக்கானிக் செத்துட்டாராமே!” என்றான் அவன், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

மூன்றாவது மாடிவரை அவள் முறைத்துக்கொண்டே ஏறினாள். ஐந்தாவது மாடியில் மூச்சு வாங்கியது. ஏழாவது மாடியில் சிரித்துவிட்டாள்.

“உங்களுக்கு நான் ஒரு பேர் வச்சிருக்கேன்,” என்றான். “ரெண்டு சாட்சி.”

“உங்க பேர் அறுநூத்துப் பதினாலு. அதை நான் வைக்கல, பட்டியல் வச்சது.”

“சரி, ரெண்டு சாட்சி, ஒரு கேள்வி. இந்த வேலையெல்லாம் எதுக்கு? சம்பளமும் இல்ல...”

அவள் படியில் நின்றாள். “ஆயிரம் பேர் செத்தாங்கன்னா எல்லாரும் கேட்டுட்டு சோறு தின்னப் போயிடுவாங்க. பல்புப் பெட்டியோட ஒருத்தர் நின்னாருன்னு சொன்னா... அடுத்த தடவை குண்டு போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யாராவது யோசிப்பாங்க இல்லையா? அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான்.”

அவன் அவளைப் பார்த்த பார்வையில் ஏதோ மாறிப்போயிருந்தது. அதைக் கண்டுகொள்ளாதவள்போல அவள் வேகமாக ஏறினாள். அடுத்த படியில் கால் தடுக்கியது வேறு விஷயம்.

அட்டை இருந்தது! எண்ணெய்க் கறை படிந்து, கம்பியில் தொங்கிக்கொண்டு... தேதி, கீழே அவன் கையெழுத்து. குண்டு விழுந்த இரண்டாம் நாள்.

“பார்த்தீங்களா!” என்று குதித்தான் அவன்.

அவளும் ஒரு கணம் குதித்திருப்பாள். அதற்குள் முகம் வாடிவிட்டது.

“இது... நீங்களே போட்ட கையெழுத்து.”

“அதனால?”

“நீங்க வாயால சொல்றீங்க, அட்டையும் நீங்க எழுதினது. காகிதம் வேற வேறயா இருந்தா என்ன? பேசுற வாய் ஒண்ணுதானே...”

சொல்லிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

“என்ன ஆச்சுங்க?”

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். “ரெண்டு பத்திரிகை... ரெண்டுலயும் நாற்பத்தொண்ணு. ஒரே மாதிரி இருக்கே, இதைவிட உறுதி வேணுமான்னு நினைச்சேன். ரெண்டு பேரும் ஆஸ்பத்திரி வாசல்ல ஒட்டின ஒரே நோட்டீஸைப் பார்த்து எழுதியிருக்காங்க. ஆஸ்பத்திரிக்காரங்க கோட்டுல இருந்த கார்டைப் பார்த்துப் பேர் போட்டாங்க, உடம்பைப் பார்த்து வயசை உத்தேசமாப் போட்டாங்க. ஒரு வாய்தான் பேசியிருக்கு. நான் ரெண்டுன்னு எண்ணிட்டேன்.”

மழை மேல்தளத்தில் தடதடத்தது.

“தப்பு என்னோடது,” என்றாள். நாலு வருஷமாகச் சொல்லாத வார்த்தை. “ஒண்ணுல இப்படிப் பண்ணியிருக்கேன்னா மிச்சத்துல எத்தனையோ? என் கையால எழுதினது முந்நூறு பேர்...”

அவன் சிரிப்பான் என்று நினைத்தாள். குத்திக்காட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் ஒரு படி கீழே உட்கார்ந்து, “முந்நூறுதானே? நான் வாசிக்கிறேன், நீங்க சரி பாருங்க,” என்றான்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கு என்று அவளையே கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

அன்று மாலையும் மறுநாள் காலையும் அவன் வாசிக்க வாசிக்க அவள் சரி பார்த்தாள். ஒவ்வொரு பெயரையும் அவன் நிறுத்தி, மரியாதையாக வாசித்தான். மற்றதெல்லாம் சரியாக இருந்தது. பிழை ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்று எதிரில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

இரண்டாவது சாட்சி மட்டும் கிடைக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேடம் வந்தார். குழுவின் ஒருங்கிணைப்பாளர், வெள்ளிக்கிழமை மட்டும்தான் வருவார். அவர் ஒப்புதல் இல்லாமல் ஒரு எழுத்து அசையாது. அவள் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள், தன் பிழை உட்பட.

மேடம் கண்ணாடிக்கு மேலே அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“மூணு நாளா நீயே இவரைப் பார்த்துட்டு இருக்கேல்ல? நீயே சாட்சிக் கையெழுத்துப் போடும்மா. எடுத்துடலாம்.”

படிவத்தை நீட்டினார். அவள் பேனாவைத் திறந்தாள். கடைசி வரியைப் படித்தாள். ‘சாட்சிக்கும் மேற்படி நபருக்கும் எவ்வித உறவோ, பற்றோ, ஆதாயமோ இல்லை.’

பேனா அந்தரத்தில் நின்றது.

அவள் அதை மூடி மேசைமேல் வைத்தாள்.

“என்னால முடியாது மேடம்.”

அவன் விதிர்விதிர்த்துப் போனான். “இன்னும் நம்பலையா நீங்க? நான்தாங்க நான்!”

“நம்புறேன்.”

“அப்புறம் என்னம்மா?” என்றார் மேடம்.

“பொய்க் கையெழுத்து நான் போட்டதில்ல மேடம்.” அவள் தலை நிமிரவில்லை. காதுமடல் மட்டும் சிவந்திருந்தது.

மேடம் படிவத்தின் கடைசி வரியை ஒருமுறை படித்தார். அவளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். அவன் முகம் பேயறைந்ததுபோல வெளுத்து, பிறகு மெல்ல மெல்ல நிறம் மாறிக்கொண்டிருந்தது.

“ஓஹோ,” என்றார் மேடம். “அப்ப கீழ செருப்புக் கடைக்காரரைக் கூப்பிடு. மூணு நாளா இந்தப் படியில ஏறி இறங்கினவரை அவர் பார்க்காமலா இருப்பாரு?”

“ஐயோ!” என்றாள் அவள். இது எப்படித் தோன்றாமல் போயிற்று? ஊரெல்லாம் சாட்சி தேடியவளுக்கு, காலடியில் இருந்த ஆள் நினைவுக்கே வரவில்லையே! அவனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செருப்புக் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“இவரையா? ஊருக்குப் போறதுக்கு முன்னாடி வேலைக்குப் போடுற பூட்ஸ் தைக்கக் குடுத்தது என்கிட்டத்தானே! நல்லாத் தெரியும். புதன்கிழமையே கேட்டேன் தங்கச்சி, நான் மேல வந்து சொல்லட்டுமான்னு. வேணாம்ணே, வெள்ளிக்கிழமை வந்தாப் போதும்னாரு.”

கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் பாட்டுக்கு இறங்கிப் போனார், தான் போட்ட குண்டு தெரியாமல்.

“புதன்கிழமையே தெரியுமா?” அவள் குரல் கிறீச்சிட்டது. “பதினோரு மாடி ஏறினேனே!”

அவன் அசடு வழிந்தான். “வெள்ளிக்கிழமைவரை டைம் இருந்துச்சு... அண்ணனை அன்னிக்கே கூப்பிட்டிருந்தா அரை மணி நேரத்துல எல்லாம் முடிஞ்சிருக்கும். நீங்க அடுத்த ஃபைலை எடுத்திருப்பீங்க. நான் போயிருக்கணும்.”

மேடம் இருமினார். “முதல்ல வேலை.”

வேலையை முடித்தார்கள். அறுநூற்றுப் பதினாலில் அவன் பெயர் அடிக்கப்பட்டது. அதே எண்ணில் அவளே எழுதினாள்: ‘பெயர் தெரியவில்லை. வயது சுமார் நாற்பத்தொன்று. இரவல் வாங்கிய சாம்பல் நிற மழைக்கோட்டு. கையில் பல்புப் பெட்டி. சாட்சி ஒன்று, மருத்துவமனை அறிவிப்பு. சாட்சி இரண்டு, கோட்டைக் கொடுத்தவர்.’ யாராவது ஒரு வீட்டில் இதைப் படிப்பார்கள். பல்புப் பெட்டி என்ற இடத்தில் அவர்கள் கண் நிற்கும். திருத்தப் பக்கத்தில் தன் பிழையையும் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

ஐந்தரைக்கு மேடம் பட்டியலை எடுத்துக்கொண்டு விசாரணைக் குழுவுக்குக் கிளம்பினார்.

இருவர் மட்டும் மிஞ்சினார்கள். வெளியே மழை.

“ஏன் கையெழுத்துப் போடல?” என்றான் அவன்.

அவள் ஒரு தாளை இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதியை அவனிடம் நீட்டினாள்.

“இங்க எதையும் ஒருத்தர் சொல்லி ஏத்துக்கிறதில்ல. தனித்தனியா எழுதணும். என்ன நடந்தது, எப்ப நடந்தது. பார்த்து எழுதக்கூடாது.”

முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு எழுதினார்கள். தாள்களை மாற்றிக்கொண்டார்கள்.

அவன் எழுதியிருந்தான்: ‘புதன்கிழமை மதியம். நீங்க ஒரு சாட்சிதான் என்று என்னிடமே சொன்னபோது. இவளை விட்டுப் போக முடியாது என்று ஆகிவிட்டது.’

அவள் எழுதியிருந்தாள்: ‘வியாழக்கிழமை, பதினோராவது மாடி. தப்பு என்னோடது என்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதிருந்து எனக்கு அவர்தான்.’

அவன் இரண்டு தடவை படித்தான். நிமிர்ந்தபோது கண்ணில் நீர் நின்றது. பிறகு திடீரென்று முகம் மாறியது.

“தேதி ஒத்துப்போகலையே... இது செல்லாதா?”

“ஒரே மாதிரி இருந்தாத்தான் சந்தேகப்படணும். எனக்கு அது இப்பத்தானே புரிஞ்சது?” அவள் இரண்டு தாளையும் வாங்கி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மடித்தாள். “நாள் வேற, இடம் வேற, விஷயம் ஒண்ணு. ரெண்டும் தனித்தனி சாட்சி.”

“அப்ப...?”

“அப்ப உண்மைதான்,” என்றாள்.