எண்பதுக்குக் கீழே

மின்விசிறி ஓடவில்லை. ஆனாலும் மேசைமேல் இருந்த தாள்கள், தூங்குகிறவரின் மார்பைப் போல மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவள் ஸ்டேப்ளரைத் தூக்கி மேலே வைத்தாள். அதுவும் ஏறி இறங்கியது.

வானத்தை அளப்பது அவள் வேலை. கால் மணிக்கொரு முறை கருவி ஒரு ரேடியோ அலையை மேலே அனுப்பும். அது அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பியதும் எத்தனை உயரம் என்று திரை சொல்லும். எங்கோ புயல் அடித்தால் காற்றின் அலைகள் அவ்வளவு தூரம் ஏறிப்போய் அந்த மண்டலத்தையே குலுக்கும். அந்த மண்டலம் தொடங்கும் எண்பது கிலோமீட்டருக்குக் கீழிருந்து எதிரொலி வந்தால், இரைச்சல் என்று அழித்துவிடுவது நிலையத்தின் வழக்கம். ஒரு வாரமாக அவளும் கண்ணை மூடிக்கொண்டு அழித்திருந்தாள்.

இப்போது, உச்சி வெயில் நேரத்தில், அழித்ததையெல்லாம் மீட்டெடுத்துத் தேதிவாரியாக அடுக்கினாள். எழுபத்தொன்று. நாற்பத்தாறு. பத்தொன்பது. நேற்று நான்கு. இன்று காலை அரை கிலோமீட்டர். ஏதோ இறங்கி வந்துகொண்டிருந்தது.

வெளியே, எதிரொலியை வாங்கும் முப்பது மீட்டர் கோபுரத்தின் உச்சியில், நிலையத்தின் மெக்கானிக்கான அவள் கணவன் கம்பிகளை இறுக்கிக்கொண்டிருந்தான். வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"என்னங்க, உடனே இறங்குங்க."

"இன்னும் ரெண்டே போல்ட்டும்மா. பசிச்சா நீ சாப்பிடு. அப்புறம் உங்களால பட்டினின்னு என் உயிர வாங்காத."

"விளையாடாதீங்க. மேலேருந்து என்னவோ வருது. நான்தான் பாக்காம அழிச்சுட்டேன்."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"காத்தே இல்ல. ஆனா கம்பியெல்லாம் மூச்சு விடுற மாதிரி ஆடுது."

கருவி 'டிக்' என்றது. நூற்றிருபது மீட்டர். கால் மணி இன்னும் ஆகவில்லை. மறுபடி டிக். அறுபது.

"இறங்குங்க! எல்லாத்தையும் போட்டுட்டு இறங்குங்க!"

டிக். முப்பது.

வாக்கி டாக்கியில் வெறும் இரைச்சல். ஜன்னலுக்கு ஓடினாள். உச்சியில் ஆள் இல்லை. தரையிலும் இல்லை. பாதுகாப்பு பெல்ட் மட்டும் கம்பத்தைச் சுற்றி இருந்தது. கொக்கி கழற்றப்படவில்லை.

முதுகுக்குப் பின்னால் டிக். திரும்பினாள். மூன்று மீட்டர். கூரையின் உயரம்.

வாக்கி டாக்கி அவள் கையில் அணைந்து கிடந்தது. அவன் குரல் அவள் தலைக்கு மேலிருந்து வந்தது. அதே சொற்கள், அதே இழுப்பு.

"இன்னும் ரெண்டே போல்ட்டும்மா."

தாள்கள் அசையாமல் கிடந்தன. அவள் தலைமுடி மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது.