பூட்டிய அறைப் பெண்

மத்தியானம் தட்டு வரவில்லை. வைஷு தொடாத தம்ளரோ ஈரமாக இருந்தது.

விமான் நகர் ஃபிளாட்டில், சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. வீட்டுக்குத் தூரம் என்றால் மருமகள் மூன்று நாளும் அங்கேதான். பாய், தட்டு, தம்ளர் எல்லாம் தனி. மாமியார் சரசா முகத்தைக்கூடப் பார்க்காமல் தட்டைத் தள்ளிவிட்டுப் போவாள். எம்.ஃபில். படிக்கிறவளுக்கு இதெல்லாம் தலையெழுத்தா என்று வைஷு உள்ளுக்குள் பொருமினாள். கல்யாணமாகி நாலு மாதமாயிற்று. கணவன் ஜெயந்தின் கையைத் தானாகப் பிடிக்கக்கூட இன்னும் துணியவில்லை. அவன் என்ன நினைத்துக்கொள்வானோ!

ஆய்வேட்டில் மட்டும் தைரியத்துக்குக் குறைவில்லை. பழைய ஆங்கிலப் பேய்க்கதைகளில் பூட்டிய அறைக்குள் அலைகிறாளே ஒருத்தி, அவள் நல்ல மனைவி வெளியே சொல்லாமல் விழுங்கிய ஆசைதான் என்று உளப்பகுப்பாய்வை வைத்து எழுதியிருந்தாள். "பேயாவது பிசாசாவது, எல்லாம் மனசுதான்டி" என்று தோழி ஜெனிபரிடம் அடித்துப் பேசியும் இருந்தாள்.

பொழுது சாய்ந்ததும் லோட் ஷெட்டிங். மின்விசிறி முனகி நின்றது. இருட்டில் பெருங்காய வாசனையோடு, யார் வாங்கி வைத்ததோ, மல்லிகை வாசனையும் கதவிடுக்கில் நுழைந்தது. கீழே ஃபாக்டரி பஸ் உறுமி நின்றது, படிகளில் ஜெயந்தின் ஷூ சத்தம் ஏறி வந்தது, படுக்கையறைக் கதவு திறந்தது.

"என்ன, இன்னிக்கு இவ்ளோ குஷி?" என்றான் ஜெயந்த்.

பதிலுக்கு ஒரு சிரிப்பு.

வைஷு எழுந்து கதவருகே போனாள். அது அவளுடைய சிரிப்பு.

"அம்மா! அவரோட உள்ள யாரும்மா?" என்று மாமியாரைக் கூப்பிட்டாள்.

மெழுகுவர்த்தியோடு வந்த சரசா கதவுக்கு வெளியே நின்றுவிட்டாள். "யா... யாரு பேசறது?"

"நான்தாம்மா, வைஷு!"

"வைஷு காலம்பறயே தலைக்குக் குளிச்சுட்டு உள்ள வந்துட்டாளே! ஐயோ, ஜெயந்த்!"

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. வைஷு கதவை அறைந்தாள். கத்தினாள். கை வலித்தது. கதவு அசையவில்லை.

இடுக்கில் கண் வைத்தாள்.

மெழுகுவர்த்தி வெளிச்சம். அவளுடைய அரக்குப் புடவை. தலை நிறைய மல்லிகை. அவளுடைய முகம்.

"பயப்படாதீங்கோ. காத்துலதான் கதவு ஆடறது" என்றது அது, அவள் குரலிலேயே.

சொல்லிவிட்டு, மாமியார் பார்க்கப் பார்க்க, கூசாமல், ஓடி வந்து நின்ற ஜெயந்தின் கையைப் பிடித்துக்கொண்டது.