கசங்காத மஞ்சள் கவுன்

துணி கசங்கவே இல்லை. சலவைக் கடையின் பின்கட்டில் மூட்டையை அவிழ்த்தவள் முதலில் கவனித்தது அதைத்தான். போன வாரம் கரிப்பெட்டியால் அவளே தேய்த்த மஞ்சள் கவுன். கை மடிப்புகூடக் கலையாமல் வந்திருந்தது.

புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, இரண்டு வயது மகளைப் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தாள். வேலைக்குப் போகும் தாய்மார்களின் எட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மாதம் ஒருதரம்தான் பார்க்கலாம்; அடிக்கடி வந்தால் பிள்ளை ஏங்கிப் போய்விடுமாம். ஆனால் அந்த வீட்டுத் துணியெல்லாம் இந்தக் கடைக்குத்தான் வரும். வாரம் ஒருமுறை, யாரும் பார்க்காத நேரத்தில், மகளின் கவுனை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். கழுத்தில் காய்ந்த எச்சில், மடியில் சிந்திய பால், ஓரமெல்லாம் மண். தண்ணீரில் போடவே மனசு வராது. மகளில்லாத அறைக்குத் திரும்பிப் போக அந்த அழுக்குதான் அவளுக்குத் தெம்பு.

மோந்து பார்த்தாள். தேய்ப்புப் பெட்டியின் சூட்டு வாசனைதான் அடித்தது.

"அக்கா, இதுல அழுக்கே இல்லையே?"

தேய்ப்பு மேசையருகில் நின்ற குண்டக்கா சிரித்தாள். "உன் பொண்ணாச்சே, உன்னை மாதிரியே சுத்தக்காரி. சந்தோஷப்படாம மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறியே!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரமும் இப்படித்தான் இருந்தது. வேலை மும்முரத்தில் கவனிக்காமல் விட்டுவிட்டாள். மற்ற பிள்ளைகளின் துணிகளை உதறி உதறிப் பார்த்தாள். மூத்திரத் துணியில் மூத்திர வாடை இல்லை. எட்டுப் பிள்ளைகள். ஒன்றுகூட அழுக்குப் பண்ணவில்லை.

கவுனும் கையுமாகக் கிளம்பிவிட்டாள்.

பெரியம்மா வீட்டு ஜன்னல்களெல்லாம் அடைத்துக் கிடந்தன. தெருவில் சாயங்கால வெயில் இருந்தும் உள்ளே இருட்டு, பூச்சி உருண்டையின் நெடி, அதற்கும் அடியில் பின்கதவு வழியாக வந்த, புதிதாகக் கிளறிய ஈரமண் வாடை. எட்டுப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரு தும்மல், ஒரு சிணுங்கல்கூடக் கேட்கவில்லை. மரத்தொட்டில்கள் ஆடும் சத்தம் மட்டும். கிரீச். கிரீச்.

வரிசையாக எட்டுத் தொட்டில்கள். எல்லாவற்றையும் கோத்த ஒரே கயிறு. கயிற்றின் நுனி பெரியம்மாவின் கால் கட்டைவிரலில். முக்காலியில் உட்கார்ந்து, ஏதோ சின்னச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா. பாக்குற நாள் இன்னும் வரலையே? சரி, சத்தம் போடாம வா. எல்லாம் தூங்குதுங்க."

நாலாவது தொட்டில். மகளுடையது.

குனிந்தாள். போர்வையை விலக்கினாள்.

நீலக் கவுன். அவள் தேய்த்தது. கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது. இரண்டு கைகளும் நெஞ்சின்மேல் மடித்திருந்தன. கீழே ஒரு ஜோடி காலுறை. தலையணையில் ஒரு சின்னக் குழி.

கவுனுக்குள் வேறொன்றும் இல்லை.

"உன் பொண்ணு மாதிரி சமத்து கிடையாது. இப்பல்லாம் அழுறதே இல்ல." பெரியம்மா கையை நீட்டினாள். "மஞ்சளைக் கொண்டாந்துட்டியா? குடு, மாத்திவிடணும்."

கட்டைவிரல் கயிற்றை இழுத்தது.

தொட்டில் ஆடியது. நெஞ்சின்மேல் மடித்திருந்த நீலக் கவுனின் ஒரு கை மெல்லச் சரிந்து, அம்மாவின் பக்கமாக நீண்டது.