எலி மட்டும் செத்திருக்கணும்!

"உவ்வ்வே...!"

சப்-இன்ஸ்பெக்டர் உக்கிரபாண்டி மில் வாசலில் நின்ற வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். காலையில் தின்ற நாலு இட்லியும் கரிசல் மண்ணுக்குப் போய்ச் சேர்ந்தன.

பெயரில்தான் உக்கிரம். வயிறு கைக்குழந்தை!

டிசம்பர் 1999. பகல் பதினொரு மணி. கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவே ஒரு நூல் மில். அதன் கரண்ட் ரூமில் எலெக்ட்ரீசியன் நல்லக்கண்ணு பிணமாகக் கிடந்தான். ஆள் உயர சுவிட்ச் பேனலின் கதவு பிய்த்துக்கொண்டு வந்து அவன் நெஞ்சில் அடித்திருந்தது. மிச்சத்தைத் தீ பார்த்துக்கொண்டது.

"ஸ்பானரை உள்ள மறந்து வச்சிட்டு சுவிட்சைப் போட்டுட்டான் சார்!" சூப்பர்வைசர் செண்பகராஜ் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "எந்தம்பி மாதிரி சார் அவன்..."

முதலாளி விஜயராஜ் அழவில்லை. காராச்சேவு தின்றுகொண்டிருந்தார்.

"அவன் கவனக்குறைவுன்னு எழுதி முடிங்க சார். பொண்டாட்டிக்காரி நஷ்டஈடு வேணும்னு கேட்டுல வந்து நிக்கா..." நொறுக்.

சீ! பத்தடியில் கருகிய பிணம். இவருக்கு எப்படி இறங்குகிறது?

கேட்டுக்கு வெளியே நல்லக்கண்ணுவின் மனைவி ஆவுடைத்தாய். இடுப்பில் கைப்பிள்ளை.

"வீட்டுல பல்பு மாட்டுனாக்கூட மெயினை அணைச்சாச்சான்னு ரெண்டு தடவ கேப்பாவ சார்... அவியளா மறப்பாவ?"

உக்கிரபாண்டி தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவார். யூனிபார்முக்கு அசிங்கம்!

பிணம் ஆஸ்பத்திரிக்குப் போனது. ஜீப்பில் வந்து இறங்கிய மின் ஆய்வாளர் உமாதேவி, எல்லோரையும் வெளியே நிறுத்திவிட்டு உக்கிரபாண்டியை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"ஸ்பானர் பட்டு ஷார்ட் ஆயிருந்தா நுனி உருகியிருக்கும் சார். இது பளபளன்னு இருக்கு. வெடிச்ச பிறகு யாரோ போட்டிருக்காங்க."

"அப்ப ஷார்ட் எதால மேடம்?"

இடுக்கியால் எதையோ தூக்கிக் காட்டினார். கரிக்கட்டை... வாலோடு!

"எலி."

உக்கிரபாண்டி வேப்பமரத்துக்கு ஓடினார். இந்தத் தடவை காப்பி!

திரும்பி வந்து வாயைத் துடைத்தார். "ஒரு எலிக்கா இம்புட்டு பெரிய பேனல் வெடிக்கும்?"

"வெடிக்கக் கூடாது! உள்ள ஷார்ட் ஆனா எவ்வளவு கரண்டை உடையாமத் தாங்கும்னு ஒவ்வொரு பேனலுக்கும் ஒரு அளவு உண்டு. இங்க கதவுத் தகட்டுல அம்பதாயிரம் ஆம்பியர்னு இருக்கு. போன மாசம் வச்ச புது டிரான்ஸ்பார்மர் இருபத்தேழாயிரத்துக்கு மேல தள்ளாது. தகடு நிஜம்னா... எலி மட்டும் செத்திருக்கணும்!"

பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு பேனல் வெடிக்காமல் நின்றது. ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனப் பட்டை, காய்ந்துபோய், கதவின் குறுக்கே ஓடி... தகட்டுக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது!

"மேடம்... பூஜை அக்டோபர்ல. தகடு அதுக்குப் பொறவு!"

உமாதேவி தகட்டை நெம்பினார். அடியில் பழைய எழுத்து.

பத்தாயிரம்!

"பேனலை மாத்தினாத்தான் பெரிய டிரான்ஸ்பார்மர்னு சொன்னேன்." அவர் குரல் தணிந்தது. "அப்புறம் தகட்டைப் படிச்சிட்டு, திறந்து பாக்காமக் கையெழுத்துப் போட்டேன். அதையும் எழுதிக்கங்க சார்."

"எழுதுவோம். முதல்ல தகட்டை ஒட்டுங்க!"

உக்கிரபாண்டி முதலாளியையும் சூப்பர்வைசரையும் உள்ளே கூப்பிட்டார்.

"அம்பது தாங்குற பேனல்தானே அண்ணாச்சி?"

"பின்ன? உள்ள அம்புட்டையும் மாத்தியாச்சு! செண்பகராஜ்தான் நின்னு மாத்துனான்!"

"சத்தியமா சார்," என்றான் செண்பகராஜ்.

"அப்ப ஒரு சோதனை. மேடம் உள்ள செம்புக் கம்பியைக் குறுக்க கட்டிட்டாவ. சுவிட்சைப் போட்டா ஷார்ட்! அம்பதுன்னா ஒண்ணும் ஆகாது. யாரு போடுதீங்க?"

மேலே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. காராச்சேவு முதலாளி ஓடப்போகிறார் என்று உக்கிரபாண்டி வாசலை மறித்து நின்றார்.

விஜயராஜ் ஓடவில்லை!

வேட்டியில் கையைத் துடைத்தார். விறுவிறுவென்று போய்க் கைப்பிடியைப் பிடித்தார்.

"நானே போடுதேன்! ஒண்ணு... ரெண்டு..."

"முதலாளீ! தொடாதீங்க! செத்துருவீய!"

அலறியது... செண்பகராஜ்!

"உனக்கு எப்படிலே தெரியும்?" உக்கிரபாண்டி மெதுவாகக் கேட்டார்.

செண்பகராஜ் மடங்கி உட்கார்ந்தான். "ஒண்ணையும் மாத்தலை சார்... தகடு மட்டும்தான் புதுசு. சாமானுக்குக் கொடுத்த பணத்தை நான் எடுத்துக்கிட்டேன். ஸ்பானரைப் போட்டதும் நான்தான். நல்லக்கண்ணு எதையும் மறக்கலை..."

"தம்பி மாதிரின்னியேலே!"

உக்கிரபாண்டிக்கு மூன்றாவது தடவையாகக் குமட்டியது. பாவம், இதற்கு எலி காரணமில்லை.

முதலாளி கைப்பிடியைச் சட்டென்று விட்டார். "அப்ப... நான் செத்திருப்பேனா?"

"எங்க சாக? வந்ததுமே வெளிய கம்பத்துல ஃபியூசை உருவியாச்சு. லைட்டு ஜெனரேட்டர்ல எரியுது."

விஜயராஜுக்கு மூச்சு வந்தது. கூடவே நெஞ்சும் நிமிர்ந்தது. "பாத்தீயளா? எம்மேல குத்தமில்ல! நான் கிளம்பலாமா?"

"தாராளமா! கேட்டுல ஆவுடைத்தாய் நிக்கா. அவ புருசன் மேல தப்பில்ல, நஷ்டஈடு தாரேன்னு உங்க வாயாலயே சொல்லிட்டுப் போங்க. பேனல் முன்னால நின்னீயளே, அதே மாதிரி நெஞ்சை நிமித்தி நில்லுங்க அண்ணாச்சி..."

உக்கிரபாண்டி தொப்பியை மாட்டினார்.

"ஆனா ஒண்ணு... அவளுக்கு யாரும் ஃபியூசை உருவலை!"