அளவு வளையத்தில் இரண்டு மீட்டர்

செய்தித்தாளுக்கு முன்னால், ஒன்றுமே இல்லாத காற்றில், சிவப்புக் கோடுகள் விழுந்தன.

கயல் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தாள். சுவரும் அதில் அவளே ஒட்டிய செய்தித்தாளும்தான் இருந்தன. எந்த லென்ஸ் வாங்கினாலும் இதுதான் முதல் வேலை. முக்காலியிலிருந்து டேப் வைத்து அளந்து, மூன்று மீட்டர் தள்ளி ஒரு முழுத்தாளை ஒட்டி, நடு எழுத்தும் மூலை எழுத்தும் எவ்வளவு கூர்மையாக விழுகின்றன என்று பார்ப்பாள். இது நாற்பது வருஷத்துப் பழைய லென்ஸ். அவளுடைய மிரர்லெஸ் கேமராவில் நேராகப் பொருந்தாது. நடுவில் அடாப்டர் போட்டு, ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். எது தெளிவாக விழுகிறதோ அதன் விளிம்பில் கேமரா சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். இல்லாத பொருளுக்குக் கோடு போட்டு அவள் பார்த்ததில்லை.

மத்தியானம் மூன்று மணி. பின்னால் தூளியில் எட்டு மாத ரோஸி தூங்கும் இந்த ஒரு மணி நேரம்தான் கயலுக்கென்று மிச்சம். பிள்ளை பிறந்ததிலிருந்து கேமராவைப் பரணில் போடச் சொல்லாத ஆளில்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீ லென்ஸ லென்ஸா மாத்திக்கினே இரு" என்று கணவன் பாரத் காலையில்கூடக் கிண்டல் செய்துவிட்டுத்தான் வேலைக்குப் போனான். சொல்லிவிட்டுப் போகட்டும். அவளுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

தாள் படபடக்கக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தியிருந்ததால், கீழே மாட வீதியில் பஸ் உறுமுவதும், பக்கத்து வீட்டுக் குக்கர் மூச்சு விடுவதும், அதற்கும் அடியில் ஈரத்துணி உரசுவது போன்ற ஒரு சன்னமான சத்தமும் தனித்தனியாகக் கேட்டன. நாலு நாள் காயாத துணியின் வாடை அறைக்குள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அவள் மறுபடி கண்ணை வைத்தாள். லென்ஸின் தூர அளவு வளையம் ஐந்து மீட்டரில் நின்றபோது செய்தித்தாள் தெளிந்தது. மூன்றுக்குத் திருப்பியதும் தாள் மங்கி, காற்றில் கோடுகள் கூடின. ஒரு தோள். ஒரு காது. தொங்கும் கை.

லென்ஸ் விற்ற மெஹபூப் பாஷாவுக்குப் போன் போட்டாள்.

"பாய், மூணு மீட்டர்ல இருக்குற பேப்பர் அஞ்சுல தெளியுது. இன்னா லென்ஸ் குடுத்த?"

"அடாப்டர் தடியா கீதும்மா. தூரத்துல கீற கோபுரத்தப் பாத்தியா, மங்கலா கீதா?"

"ஆமா."

"அப்ப அதான். வளையத்துல கீற நம்பர நம்பாத. எது தெரிஞ்சாலும் நெசத்துல அதவிட கிட்டதான் கீது." அவர் குரலைத் தாழ்த்தினார். "வேற எதுனா தெரிஞ்சுதா?"

கயல் வெறும் சுவரைப் பார்த்தாள்.

"மூணு பேரு திருப்பிக் குடுத்துட்டாங்கம்மா. நீயும் குடுத்துடு. இப்பவே மூடி போட்டு எட்த்துக்கினு வா."

"குடுக்க மாட்டேன் பாய்."

பயம் இருந்தது. பயத்தைவிட எரிச்சல் அதிகமாக இருந்தது. ஆளாளுக்கு மூடு, போடு, எடு. கடலுக்கே அஞ்சாத கொட்டிவாக்கத்து மீனவர் வீட்டுப் பெண் சிவப்புக் கோட்டுக்கு அஞ்சுவதா? போனை வைத்துவிட்டுக் கண்ணை வைத்தாள்.

மூன்றில் கோடு இல்லை. இரண்டில் இருந்தது.

வளையத்தில் இரண்டு என்றால், நிஜத்தில் ஒன்றரை. கை நீட்டினால் தொட்டுவிடலாம். வாடை மூக்கில் அடித்தது. அவள் விலகவில்லை.

"யாராயிருந்தாலும் இது என் வூடு," என்றாள். பொத்தானை அழுத்தினாள்.

படம் திரையில் வந்தது. முகம். தண்ணீரில் ஊறிய முகம். அவள் ஓடியிருக்க வேண்டும். படம் எடுப்பவள் கை சும்மா இருக்குமா? எப்போதும் செய்வதையே செய்தது: முகம் வந்தால் கண்ணைப் பெரிதாக்கிக் கூர்மை பார்ப்பது. பத்து மடங்கு. இமை முடி ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. அவள் வாழ்நாளில் எடுத்ததிலேயே கூர்மையான படம்.

அந்தக் கண் அவளைப் பார்க்கவில்லை.

அவள் தோளைத் தாண்டிப் பார்த்தது. கருவிழியில் அறை முழுக்கத் தெரிந்தது. ஜன்னல். முக்காலி. கயல். கயலுக்குப் பின்னால் தூளி. தூளியின் மேல் குனிந்த ஒரு முதுகு.

இன்னொன்று.

கேமராவை முக்காலியிலிருந்து பிடுங்கித் திரும்பினாள். வெறுங்கண்ணுக்குத் தூளி மட்டும்தான். மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. இரண்டே எட்டு. தூளியை அடைந்தாள்.

"எம் பொண்ண வுடு."

கேமராவைக் கண்ணில் வைத்தாள். வளையத்தை மிகக் கிட்டத்து அளவு வரை திருப்பினாள். ரோஸியின் இமையில் சிவப்பு. மூக்கில் சிவப்பு. பிறகு, ரோஸியுடையது அல்லாத கோடுகள்.

ஒரு கை, தூளியின் ஓரத்தில்.

மறு கையின் விரல் ஒன்று, நகம் வரை கூர்மையாக, குழந்தையின் மூடிய உதட்டின் மேல்.