அம்மன் நெற்றியில் ஈரக் குங்குமம்

"கையை வெச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியாதா அத்தை உங்களால?"

"நான் வைக்கலடி, எத்தினி வாட்டி..."

"பின்ன அம்மனே எறங்கி வந்து வெச்சிக்கிச்சா?"

"...எத்தினி வாட்டி சொல்றது, நான் கிட்டக்ககூட போவல!"

"நாலு மாசம்! கண்ணு எரிய எரிய போட்ட படம். மூணு மணிக்கு நடுவருங்க வராங்க. இதை எப்படி அவுங்ககிட்ட காட்டுவேன்?"

மருமகள் வினோதினி ஒரு பக்கம், மாமியார் தைலம்மாள் மறுபக்கம். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தது அந்தப் படம். தஞ்சாவூர்ப் பாணியில் வரைந்த சிவகாமி அம்மன். தங்கரேக்கு ஒட்டிய கிரீடம் அப்படியே பளபளத்தது. முகம்தான் இல்லை. நெற்றியிலிருந்து மூக்குவரை ஈரக் குங்குமமும் முகத்தின் பச்சையும் கலந்து இழுகியிருந்தது. பள்ளிக்கூடத்துக் கரும்பலகையை ஈரத்துணியால் அரைகுறையாகத் துடைத்துவிட்டதுபோல.

2009 ஆகஸ்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி. பிற்பகல் இரண்டே முக்கால்.

சுவரில் படம் இல்லை என்று முதலில் கத்தியது வினோதினிதான். மண்டபம் கூட்டும் பொன்னி, அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்த படத்தைத் தேடி எடுத்து வந்தாள். நெற்றியில் குங்குமம் என்றதும் எல்லாருடைய கண்ணும் தைலம்மாள் பக்கம் போனது.

போகாமல் என்ன செய்யும்? வீட்டில் காலண்டர் சாமிக்குக்கூடப் பொட்டு வைக்கிறவர் அவர். போன மாதம் கடலூர் மியூசியத்தில் கல் அம்மன் பாதத்தில் சாமந்திப்பூ வைத்து, காவல்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

"நான் மங்கலம்பேட்டைக்குப் போறேன்" என்றார் தைலம்மாள். "என் பொண்ணு வூட்டுல ஒரு வாய் சோறு போடுவா. இப்பவே பஸ் ஏறுறேன்."

"போங்க" என்றாள் வினோதினி.

தைலம்மாள் பையை எடுக்கக் குனிந்தார்.

"யாரும் எங்கயும் போவேணாம்" என்றது ஒரு குரல்.

சவரியம்மாள். மஞ்சக்குப்பத்தில் இவர்களுக்குப் பக்கத்து வீடு. கடலூரில் ஏட்டு. இன்றைக்கு விடுமுறை, வேனில் ஒரு இடம் காலி என்று தொத்திக்கொண்டு வந்தவர். தெருவில் எல்லாருக்கும் அவர் ஏட்டம்மாதான்.

"ஏட்டம்மா, இது போலீஸ் விசயம் இல்ல" என்றார் இளவரசு. தைலம்மாளின் மகன், வினோதினியின் கணவர், பள்ளியில் சயின்ஸ் வாத்தியார். "வயசானவங்க. தெரியாம வெச்சிட்டு, பயந்துபோயி ஒளிச்சிருப்பாங்க. விடு வினோ."

தைலம்மாள் மகனைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை, அழவுமில்லை.

சவரியம்மாள் அந்தப் பார்வையைப் பார்த்தார். அதனால்தான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு ஊர் சுற்றல். ஒரு மியூசியமோ கண்காட்சியோ, அப்புறம் ஒரு நல்ல சாப்பாடு. இளவரசு வகுத்த சட்டம் அது. கோயில் அந்தச் சட்டத்தில் இல்லை. ராகுகாலத்தில், ஐயர் இல்லாமல், மாலை மட்டும் மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டவர் அவர். "சாமி இருந்தா எனக்கு முன்னால வந்து நிக்கட்டும், அட்டெண்டன்ஸ் போடுறேன்" என்று வகுப்பில் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்கவைப்பவர்.

இந்த மாதம் விசேஷம். சுவரில் தொங்குவது வினோதினியின் படம். முதல் பரிசு வாங்குகிறவருக்குச் சென்னையில் ஒரு வருடம் தங்கி, பெரிய ஓவியர்களோடு வரையும் வாய்ப்பு. "போயிட்டு வா. சுவேதாவை நான் பாத்துக்கறேன். பெண் விடுதலையை மேடையில மட்டும் பேசுற ஆளில்ல நான்" என்று இளவரசு தெருவுக்கே கேட்கும்படி சொல்லியிருந்தார்.

காலை ஒன்பதுக்கெல்லாம் வந்து சேர்ந்தார்கள். படத்தின் முன்னால் எல்லாரையும் நிறுத்தி சவரியம்மாள்தான் போட்டோ எடுத்தார். பிறகு, சட்டத்தில் இல்லாவிட்டாலும், பெண்கள் கோயிலுக்குப் போனார்கள். இளவரசு வழக்கம்போல வாசலோடு நின்றுகொண்டார். "டீக்கடையில பேப்பர் படிக்கிறேன், சாப்பாட்டுக்கு மெஸ்ஸுக்கு வந்துடறேன்."

மெஸ்ஸுக்கு அவர்தான் கடைசியாக வந்தார். நடை சாத்தும் மணியும் அடித்து ஓய்ந்திருந்தது. இலையில் சம்பா சாதம், கத்தரிக்காய் கொத்சு.

"ஆயா, இது சட்னியா குழம்பா?" என்றாள் பத்து வயது சுவேதா.

"ரெண்டுக்கும் நடுவுல பொறந்தது. பேசாம துன்னு."

"அப்பா, உன் சட்டை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் எறங்கியிருக்கு! பட்டனை மாத்திப் போட்டிருக்க!"

எல்லாரும் சிரித்தார்கள். இளவரசும் சிரித்துக்கொண்டே சரிசெய்தார். கை கழுவியதும் கைக்குட்டையால் துடைத்து, சுவேதாவுக்கும் வாயைத் துடைத்துவிட்டார். மறுபடி ஒரு கரண்டி கொத்சு கேட்டுத் தனியாகவே தின்ற வினோதினி, "ஜெயிச்சா மெட்ராஸ்ல இதுக்கு எங்க போவேன்?" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை யாரும் பார்த்து நாளாகியிருந்தது.

இப்போது அதே வினோதினி தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகம் புதைத்திருந்தாள்.

சவரியம்மாள் பொன்னியைக் கூப்பிட்டார்.

"மத்தியானம் வாசல்ல யாரு?"

"நான்தாங்க. ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் வெளியாளுங்களை வுடறதில்ல. படம் வெச்சவங்க வூட்டு ஆளுங்க மட்டும்தான். மத்தவங்கள்லாம் மாடியில பந்தியில இருந்தாங்க."

"கீழ யாரெல்லாம் வந்தாங்க?"

"இந்த ஆயா வந்து சமுக்காளத்துல படுத்துச்சு. இந்தப் பாப்பா பாத்ரூம் போவ ஓடியாந்துச்சு. சார் பேப்பரை வெச்சிட்டேன்னு வந்து எடுத்துக்கினு போனாரு. அப்புறம் நீங்களும் இந்த அக்காவும் வளையல் கடையிலேர்ந்து வந்தீங்க."

"சுவேதா, நீ படத்தைத் தொட்டியா?"

"இல்ல ஆண்ட்டி. தொட்டா கலரு கையில ஒட்டிக்கும்னு அம்மா வீட்டுலயே அடிச்சிருக்காங்க."

"அப்ப படம் சுவத்துல இருந்துச்சா?"

"இருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு."

"சார், நீங்க வந்தப்ப?"

"நான் படத்தைப் பாக்கல. பேப்பரை எடுத்தேன், போனேன். அம்மா தூங்கிட்டு இருந்தாங்க." இளவரசு நெற்றி வேர்வையைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

சவரியம்மாள் படத்தின் மேல் குனிந்தார். விரலால் தொடாமல் வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, தைலம்மாளிடம் வந்தார்.

"அம்மா, வீட்டுல சாமி படத்துக்குப் பொட்டு எப்படி வைப்பீங்க?"

"எப்படின்னா? மொதல்ல சந்தனம். அது மேல குங்குமம். வெறும் குங்குமம் நிக்குமா? உதுந்துபூடும்."

"இந்தப் படத்துல எங்கயாவது சந்தனம் தெரியுதா, பாருங்க."

தைலம்மாள் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "இல்லியே. எவனோ குங்குமத்தைத் தண்ணியில கொழச்சி அப்பியிருக்கான். வெவரம் கெட்டவன்."

"இன்னொண்ணு. இந்தப் படத்துக்குக் கண்ணாடி போடலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஏன் தெரியாது? நாலு மாசமா எதிர்லயே ஒக்காந்து வெங்காயம் உரிக்கிறேன். நடுவருங்க ரேக்கைப் பாக்கணும், பரிசு முடிஞ்சாதான் கண்ணாடின்னு இவதான் சொன்னா. ஈரக்கை படக்கூடாதுன்னு என்னைத் தள்ளித் தள்ளி ஒக்காரவெப்பா."

வினோதினி மெதுவாக முகத்தைத் தூக்கினாள்.

"வீட்டுல மாட்டியிருக்கிற சாமி படம் எல்லாத்துக்கும் கண்ணாடி இருக்கு" என்றார் சவரியம்மாள். "பொட்டு கண்ணாடி மேலதான் விழும். தப்பா வெச்சா துடைச்சிடலாம். இதை வெச்ச ஆளும் அப்படித்தான் நெனச்சிருக்காரு. குங்குமத்தை ஈரம் பண்ணி வெச்சாரு. வழிஞ்சிது. கண்ணாடின்னு நெனச்சி ஈரத்துணியால துடைச்சாரு. மொகமே கையோட வந்துடுச்சு. கெடுக்கணும்னு வந்தவன் துடைக்கமாட்டான். சுவேதாவுக்குத் தெரியும் கண்ணாடி இல்லன்னு. அம்மாவுக்குத் தெரியும். தினமும் எட்டிப்பாத்த எனக்கே தெரியும். அந்த வீட்டுல இருந்துக்கிட்டே, நாலு மாசமா ஒரு தடவைகூட கிட்ட வந்து இந்தப் படத்தைப் பாக்காத ஆளு யாரு?"

மாடியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"ஏட்டம்மா," இளவரசு சிரிக்க முயன்றார், "சுத்தி வளைச்சி என்னைச் சொல்றீங்களா? நான் குங்குமம் வெச்சேன்னு சொன்னா எங்க ஸ்கூல் பசங்க உங்களைப் பாத்து சிரிப்பானுங்க."

"அதனாலதான் சார் உங்க பக்கம் யாருமே திரும்பல. மத்தியானம் சட்டைப் பட்டன் மாறியிருந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"அவசரத்துல..."

"காலையில நான் எடுத்த போட்டோவுல பட்டன் நேரா இருக்கு. அப்ப நடுவுல ஒரு தடவை கழட்டி மாட்டியிருக்கீங்க. இந்தச் சிதம்பரத்துல ஒரு ஆம்பளை பட்டப்பகல்ல சட்டையைக் கழட்டுற எடம் எது சார்? நடராஜர் கோயில்ல கனகசபை ஏறணும்னா கழட்டித்தான் ஆவணும். சர்ச்சுக்குப் போற வேதக்காரி எனக்கே தெரியும். நடை சாத்துற நேரம், யாரும் பாத்துடப்போறாங்கன்னு அவசர அவசரமா மாட்டிக்கிட்டு ஓடிவந்தீங்க."

"டீக்கடையில புழுக்கம். கழட்டி உதறினேன்."

"சரி. உங்க கைக்குட்டையைக் குடுங்க, கொஞ்சம் கை துடைக்கணும்."

இளவரசின் கை பாக்கெட்டுக்குப் போய், பாதியில் நின்றது.

"மெஸ்ஸுல இருந்துச்சு" என்றார் சவரியம்மாள், குரலைத் தாழ்த்தி. "இப்ப சட்டைக் கையால துடைக்கிறீங்க. குப்பைத்தொட்டியில பொன்னியைத் தேடச்சொல்லட்டுமா? வேணாம் சார். நீங்களே சொல்லிடுங்க. அந்தம்மா பஸ் ஏறுறதுக்குள்ள."

சவரியம்மாளுக்கு இது புதிது. திருடனைப் பிடித்த பழக்கம் உண்டு. கும்பிட்டவனைப் பிடித்தது இதுதான் முதல் தடவை.

இளவரசு சுவரோரம் உட்கார்ந்தார்.

"நான்தான்" என்றார். "தட்டுல குங்குமம் குடுத்தாங்க. பேப்பர்ல மடிச்சி எடுத்தாந்தேன். அம்மா படங்களுக்கு வெக்கிற மாதிரி... வழிஞ்சிடுச்சு. துடைக்கத் துடைக்கப் போயிக்கிட்டே இருந்துச்சு. அந்தக் கண்ணு என் கையிலயே கரைஞ்சிது வினோ. பயந்துபோயி நாற்காலிங்களுக்குப் பின்னால ஒளிச்சிட்டேன். அப்புறம் நீ அம்மாவைத் திட்ட ஆரம்பிச்சிட்ட. அம்மான்னா பொறுத்துக்குவாங்கன்னு..."

"பொறுத்துக்குவேன்னா?" தைலம்மாள் மகன் எதிரே வந்து நின்றார். "கல்லு சிலைக்குப் பூ வெச்சதுக்கு, அறிவு இருக்காம்மான்னு ஊரு பாக்கக் கேட்டவன் நீ. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அந்தப் படத்துல வைக்காத, கும்பிட்டுட்டு வந்துடுன்னு சொல்லியிருப்பேனேடா. சாமி கும்பிட வெக்கம். பெத்தவளைக் காட்டிக் குடுக்க வெக்கமில்ல."

அவர் பையைத் தோளில் மாட்டினார். வினோதினி எழுந்து வந்து அந்தப் பையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, என்னை மன்னிச்சிடுங்க. போங்கன்னு சொல்லிட்டேன்."

தைலம்மாள் பையை விடவுமில்லை, இழுக்கவுமில்லை. இரண்டு பேர் கையிலும் அது தொங்கிக்கொண்டிருந்தது.

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நடுவர்கள். மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி, அவரவர் படத்தின் பக்கத்தில் போய் நின்றார்கள். வினோதினியின் ஆணி மட்டும் வெறுமையாக இருந்தது.

"உன் நல்லதுக்குத்தான் போனேன் வினோ" என்றார் இளவரசு. "சத்தியமா, உன் படத்துக்காகத்தான் வேண்டிக்கிட்டேன்."

வினோதினி கணவரை நேராகப் பார்த்தாள். கோபம் அந்த முகத்தில் இல்லை.

"நாலு மாசமா கிட்ட வந்துகூடப் பாக்காத படத்துக்காகவா? நான் ஜெயிச்சி மெட்ராஸ் போவணும்னு வேண்டிக்கிட்டீங்களா, இல்ல ஜெயிக்கக் கூடாதுன்னா?"